லாகின் செய்யுமுன் ஒரு நிமிடம்



மலருக்குக் கட்டுரை எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒரு திட்டு வாங்கிய பிறகுதான் வந்தது. அதனால் அந்தத் திட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பிறகு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கைக்குப் போவோம். அவர் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும்தான் தெரியாமல் இருந்தது.

நான்காம் செமஸ்டர். மதியச் சாப்பாடு முடிந்து கணிப்பொறி லேபில் உட்கார்ந்து ஒரு சி புரோகிராமோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் பேட்ச் எலெக்ட்ரானிக்ஸ் லேபுக்குப் போக வேண்டும். மணியைப் பார்த்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். லாக்-அவுட் செய்யவில்லை. யார்தான் செய்கிறோம், சொல்லுங்கள்!

மறுநாள் காலை லேப் சார் கூப்பிட்டு அனுப்பினார். ஜூனியர் பசங்களுடைய புராஜெக்ட் ஃபைல்கள் பொது ஃபோல்டரிலிருந்து அழிந்துவிட்டன. அழித்தது யார் என்று சர்வரைக் கேட்டால் அது என் பெயரைச் சொல்கிறது. எந்த டெர்மினல், எத்தனை மணிக்கு உள்ளே வந்தேன், என் பெயரில் என்ன கட்டளை போனது, எல்லாம் திரையில் வரிசையாக நிற்கிறது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் இல்லை சார் என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

சார் நல்ல மனிதர். எலெக்ட்ரானிக்ஸ் லேப் வருகைப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார். ஃபைல் அழிந்த நேரத்தில் நான் அங்கே ஆசிலோஸ்கோப் முன்னால் நின்றுகொண்டிருந்தேன் என்று அதில் இருந்தது. பிறகு விசாரித்தால், ஜூனியர் ஒருவன் நான் விட்டுப்போன இருக்கையில் உட்கார்ந்து, அது தன்னுடைய லாகின் என்றே நினைத்து, பழைய ஃபைல்களைச் சுத்தம் செய்திருக்கிறான். பாவம், கெட்ட எண்ணமே இல்லை. பேக்கப் இருந்ததால் எல்லாம் திரும்பி வந்தது. ஆனால் எனக்குத் தண்டனை உண்டு. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கணக்கு என்று கணிப்பொறியில் பதிவு வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது, நம் நாட்டுக்கு எப்படி வந்தது என்று படித்து எழுதிக்கொண்டு வர வேண்டும்.

அப்படித் தேடப் போனபோதுதான் பேராசிரியர் ஆர். நரசிம்மனைச் சந்தித்தேன். நேரில் அல்ல, புத்தகங்களில். அவர் 2007ஆம் ஆண்டே காலமாகிவிட்டார்.

கிண்டியிலிருந்து கடல் தாண்டி

ரங்கசாமி நரசிம்மன் 1926 ஏப்ரல் 17 அன்று சென்னையில் பிறந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தார். அங்கே அவர் படித்தது தொலைத்தொடர்புப் பொறியியல். கணிப்பொறி என்று ஒரு பாடம் அப்போது எந்தக் கல்லூரியிலும் கிடையாது. மேல்படிப்புக்கு அமெரிக்கா போனார். கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் மின்பொறியியலில் முதுகலை, இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம். கம்பியையும் கணக்கையும் இரண்டு கையிலும் பிடித்த மனிதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் கணிப்பொறி கட்டுவதற்கு அந்த இரண்டுமே வேண்டியிருந்தன.

அங்கேயே தங்கியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் 1954ல் இந்தியா திரும்பினார். பம்பாயில் ஹோமி பாபா 1945ல் தொடங்கிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை, ஒரு கணிப்பொறி கட்டு என்பது.

இதைப் படித்தபோது ஒரு நிமிடம் நிறுத்தி யோசித்தேன். நமக்கு புராஜெக்ட் கொடுத்தால் என்ன செய்கிறோம்? சீனியர் செய்த ரிப்போர்ட்டைத் தேடுகிறோம். அவருக்கு எந்த சீனியர்? நம் நாட்டில் அதற்கு முன் யாரும் ஒரு முழு டிஜிட்டல் கணிப்பொறியைக் கட்டியதில்லை. 1955ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு ஒரு கணிப்பொறி வந்தது, அதுவும் இங்கிலாந்தில் செய்தது. நரசிம்மனோடு சேர்ந்த இளைஞர்களும் கணிப்பொறி கட்டிப் பழகியவர்கள் அல்ல. வெளிநாட்டுத் தொழில்நுட்ப அறிக்கைகளைப் படித்து, சர்க்யூட்டை வரைந்து, தாங்களே சால்டர் செய்து கற்றுக்கொண்டார்கள்.

முதலில் ஒரு சின்ன மாதிரி இயந்திரம். 1956ன் இறுதியில் அது ஓடியது. அந்தத் தைரியத்தில் பெரியதைத் தொடங்கினார்கள். 1960 பிப்ரவரியில் அது வேலைக்கு வந்தது. 1962ல் பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார்.

அதன் அளவைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ஏறக்குறைய 2,700 வெற்றிடக் குழாய்கள். ஒரு சொல்லுக்கு 40 பிட். நினைவகம் ஃபெரைட் வளையங்களால் ஆனது, மொத்தம் 2,048 சொற்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 81,920 பிட், பத்து கிலோபைட்! நம் செல்போனில் வரும் ஒரு குட்மார்னிங் படம்கூட அதில் அடங்காது. ஆனால் அந்தப் பத்து கிலோபைட்டுக்காக நாட்டின் பல ஆராய்ச்சியாளர்கள் வரிசையில் நின்றார்கள். இயந்திரம் இரண்டு ஷிப்டு ஓடியது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். டிஃப்ராக் ஓடத் தொடங்கியபோதே உலகம் டிரான்சிஸ்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. அதாவது, பிறந்தபோதே அது பழைய மாடல். அப்படியானால் ஐந்தாறு வருட உழைப்பு வீண்தானே என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். இல்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில். இயந்திரம் பழசாகலாம், அதைக் கட்டிய கை பழசாகாது. அந்தக் குழுவில் வேலை கற்றவர்கள்தான் பின்னால் நாட்டின் பல கணிப்பொறி முயற்சிகளுக்கு அடிப்படை ஆனார்கள். நாமும் புராஜெக்டை வெளியே காசு கொடுத்து வாங்கிவிட்டால் பெட்டி கிடைக்கும், கை கிடைக்காது.

வரிசையில் நின்ற காலம்

டிஃப்ராக் போன்ற இயந்திரத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும். அவர் உட்கார்ந்து யோசித்தால் இயந்திரமும் சும்மா நிற்கும். யார் உபயோகிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர்தான்!

1964ல் டாட்டா நிறுவனத்துக்கு அமெரிக்காவிலிருந்து சிடிசி 3600 என்ற பெரிய இயந்திரம் வந்தது. 48 பிட் சொற்கள், 32,768 சொற்கள் நினைவகம். நாட்டின் பல பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக் கூடங்களும் அதைப் பயன்படுத்தின. நரசிம்மன் 1961 முதல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்தார். படங்களை இயந்திரம் எப்படிப் புரிந்துகொள்ளும் என்று அங்கே ஆராய்ச்சி செய்தார். ஒரு வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல் ஒரு படத்துக்கும் இலக்கணம் உண்டு என்ற அவருடைய கருத்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 1964ல் திரும்பி வந்து கணிப்பொறிப் பிரிவைத் தொடர்ந்து வழிநடத்தினார். 1965ல் இந்தியக் கணிப்பொறிச் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவர் அவர்தான்.

சிடிசி இயந்திரத்தில் வேலை முறை வேறு. துளையிட்ட அட்டைக் கட்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். முதல் அட்டையில் யாருடைய வேலை, எந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும், எவ்வளவு நேரம் வரை ஓடலாம் என்ற விவரம் இருக்கும். கொடுத்துவிட்டுப் போய், பிறகு வந்து அச்சான தாளை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கமா விட்டுப்போனால் தாளில் பிழைச் செய்தி மட்டும் வரும். திரும்பவும் அட்டை, திரும்பவும் வரிசை. இயந்திரத்தின் நேரம் மிச்சமாகும், மனிதனின் நேரம் போகும்.

இதற்கு மாற்று வழியை அமெரிக்காவில் எம்ஐடி 1961 நவம்பரில் செய்து காட்டியது. ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்பவரின் குழு ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் முறையை ஓட்டிக் காட்டியது. அதற்குப் பெயர்தான் டைம் ஷேரிங், நேரப் பகிர்வு.

நம்ம டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் என்ன செய்கிறோம்? முறை வைக்கிறோம். இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அடுத்த வாய்க்காலுக்கு இத்தனை நாள். லஸ்கர் வந்து மதகை ஏற்றி இறக்குவார். தன் முறை வந்தவன் வயலுக்குப் பாய்ச்சுகிறான், மற்றவன் காத்திருக்கிறான். டைம் ஷேரிங்கும் அதே முறைப்பாசனம்தான். ஒரே வித்தியாசம், இங்கே முறை நாள் கணக்கில் இல்லை. நொடியில் சிறு பகுதிதான் ஒருவருக்கு. உடனே அடுத்தவருக்கு. மனிதன் ஒரு எழுத்து தட்டி அடுத்த எழுத்துக்கு விரலைக் கொண்டுபோவதற்குள் இயந்திரம் எல்லாரையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிடும். ஒவ்வொருவருக்கும் ஆறு முழுக்கத் தன் வயலுக்கே ஓடுகிறாற்போல் தோன்றும்.

முறை வைத்தால் கணக்கு வேண்டும். யாருக்கு எப்போது திறந்தோம், எவ்வளவு பாய்ந்தது என்று எழுதாவிட்டால் கடைமடைக்காரன் வயிறு காய்ந்துபோகும். கணிப்பொறியிலும் அதே நியாயம்தான். யார் உள்ளே இருக்கிறார்கள், எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள் என்று இயந்திரமே எழுத வேண்டிய காலம் அங்கேதான் தொடங்கியது. லாகின், பாஸ்வேர்டு எல்லாம் வந்தது இதற்காகத்தான். பூட்டுப் போடுவதற்கு மட்டுமல்ல, பங்கு பிரிப்பதற்கும்!

இதில் ஒரு வேடிக்கை. அந்த எம்ஐடி இயந்திரத்தில் ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று அளவு இருந்தது. 1962ல் ஆராய்ச்சி மாணவர் ஒருவருக்குத் தன் பங்கு போதவில்லை. பாஸ்வேர்டுகள் இருந்த ஃபைலையே அச்சடிக்கச் சொல்லி அட்டை கொடுத்து, எல்லாருடைய பாஸ்வேர்டையும் வாங்கிவிட்டார். அடுத்தவர் பெயரில் நுழைந்து வேலை செய்தார். பல வருடம் கழித்து அவரே ஒப்புக்கொண்டார். லேபில் நண்பன் லாகினை வாங்கி உபயோகிக்கும் நம்ம பழக்கத்துக்கு அறுபது வயது தாண்டிவிட்டது பாருங்கள்.

டெக்-10ன் கணக்குப் புத்தகம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1970களில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு டாட்டா நிறுவனத்தில் மென்பொருள் மேம்பாட்டுக்கும் கணிப்பு நுட்பங்களுக்குமான தேசிய மையம் ஒன்று உருவானது. சுருக்கமாக என்.சி.எஸ்.டி.சி.டி. அதற்குப் பின்னால் இருந்தவர் நரசிம்மன். பெட்டி வாங்கினால் போதாது, மென்பொருள் எழுதத் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. இன்றைக்கு இதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அன்றைக்கு சாஃப்ட்வேர் என்ற சொல்லே நம் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த மையத்தில் இருந்த இயந்திரம் டெக்-10. நேரப் பகிர்வுக்காகவே பெயர் வாங்கியது. 36 பிட் சொற்கள் கொண்டது. அதன் இயக்க முறைமை டாப்ஸ்-10. அது பயனரைப் பின்தொடர்ந்த விதத்தைப் படித்தபோதுதான் நம் லேப் சர்வரின் தாத்தாவைப் பார்த்த மாதிரி இருந்தது.

டெர்மினல் முன் உட்கார்ந்தால் ஒரு புள்ளி மட்டும் தெரியும். உத்தரவு போடு என்பதற்கு அதுதான் அடையாளம். லாகின் என்று தட்டி, கமா போட்டுப் பிரித்த இரண்டு எண்களைக் கொடுக்க வேண்டும். முதல் எண் எந்தத் திட்டத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லும். இரண்டாவது எண் ஆள் யார் என்று சொல்லும். இரண்டும் எட்டடிமான எண்கள். திட்ட எண் 18 பிட், ஆள் எண் 18 பிட். சேர்த்தால் சரியாக ஒரு 36 பிட் சொல். ஒரு மனிதனின் அடையாளம் முழுவதும் இயந்திரத்தின் ஒரே ஒரு சொல்லில் அடக்கம்! பிறகு பாஸ்வேர்டு. அது திரையில் தெரியாது.

சரியாக இருந்தால் இயந்திரம் ஒரு வேலை எண்ணைக் கொடுக்கும். அந்த நிமிடம் முதல் ஒரு பட்டியலில் உங்களுக்கு ஒரு வரி. அதில் வேலை எண், ஆள், எந்த டெர்மினல் கம்பி, என்ன புரோகிராம், எவ்வளவு நினைவகம், இப்போது ஓடுகிறதா காத்திருக்கிறதா, இதுவரை எவ்வளவு இயந்திர நேரம் தின்றது என்பதெல்லாம் இருக்கும். சிஸ்டாட் என்று தட்டினால் அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மெதுவாக ஓடுகிறதே, யாரப்பா இழுப்பது என்று எட்டிப் பார்க்கும் வசதி.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஒருவர் உள்ளே இருந்த நேரம் வேறு, இயந்திரத்தை வேலை வாங்கிய நேரம் வேறு. இரண்டு மணி நேரம் டெர்மினலில் இருந்தாலும், இயந்திரம் உண்மையில் அவருக்காக உழைத்தது சில விநாடிகளாக இருக்கலாம். வயலுக்குப் பக்கத்தில் நின்ற நேரத்தையும் தண்ணீர் பாய்ந்த நேரத்தையும் ஒன்றாகப் போட்டால் கணக்குத் தப்பு. அதனால் இரண்டும் தனித்தனியாகப் பதிவாகும். வெளியே போக கே-ஜாப் என்று தட்டினால் கணக்கு முடிந்து, கணக்குக் கோப்பில் ஏறும்.

என்னைத் திகைக்க வைத்தது இன்னொன்று. நடுவில் டெலிபோன் இணைப்பு அறுந்துபோனால்? உங்கள் வேலை அழிந்துவிடாது. டெர்மினல் இல்லாத வேலை என்ற குறிப்போடு உள்ளேயே உயிரோடு இருக்கும். திரும்ப லாகின் செய்தால், உங்கள் எண்ணில் ஏற்கனவே ஒரு வேலை அநாதையாக நிற்கிறது என்று இயந்திரமே சொல்லும். அட்டாச் என்று சொல்லி அதைக் கையில் பிடித்துக்கொள்ளலாம். அன்றைய நம் நாட்டு டெலிபோன் கம்பிகளைப் பற்றிப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த வசதி எவ்வளவு பெரிய வரம் என்று புரியும்.

நம் லேபிலும் இதே பரம்பரைதான். லினக்ஸில் ஹூ என்று தட்டுங்கள், இப்போது யார் உள்ளே என்று வரும். லாஸ்ட் என்று தட்டுங்கள், யார் எப்போது வந்து எப்போது போனார்கள் என்று பழைய கணக்கு வரும். என்னைக் காட்டிக்கொடுத்ததும் இந்த லாஸ்ட்தான்.

பெட்டியைப் பழுது பார்க்க யார்?

நரசிம்மன் கதைக்கு வருகிறேன். அப்போது நாட்டில் இருந்த கணிப்பொறிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டுக் கம்பெனிகளுடையவை. 1973ல் நம் சென்னை ஐஐடிக்கு வந்ததும் ஐபிஎம் 370/155 என்ற அமெரிக்க மாடல்தான். இந்த இயந்திரங்களைப் பராமரிக்க நம் ஆட்கள் வேண்டாமா? 1975ல் அரசு நிறுவனமாக சிஎம்சி தோன்றியது. அதை உருவாக்கியதில் நரசிம்மனுக்குப் பெரும் பங்கு உண்டு. 1978ல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அதன் இயந்திரங்கள் நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டது சிஎம்சிதான். 1980களின் நடுவில் டெல்லியில் ரயில் முன்பதிவைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்ததும் அதே சிஎம்சி. பின்னால் அது டாட்டா குழுமத்துக்குப் போய், 2015ல் டிசிஎஸ்ஸோடு இணைந்துவிட்டது. பம்பாயின் மென்பொருள் மையம் 1985ல் என்.சி.எஸ்.டி. ஆகி, 2003ல் சி-டாக்கோடு சேர்ந்தது. பெயர்கள் மாறின, போட்ட விதை மாறவில்லை.

கும்பகோணம் ரயில் நிலையத்தில் டிக்கெட் எடுத்திருப்பீர்களே. கவுண்டருக்குள் இருப்பவரும் முதலில் லாகின் செய்துதான் உட்காருகிறார். எந்தக் கவுண்டரில் யார், எத்தனை மணிக்கு, என்ன டிக்கெட் என்று கணக்கு நிற்கிறது. ஒரே இருக்கையை இரண்டு பேருக்கு விற்காமல் இருப்பதும் அந்த ஒழுங்கினால்தான்.

1977ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதோடு ஓய்ந்துவிடவில்லை. அவர் மனம் மனிதன் பேசும் மொழியின் பக்கம் போயிருந்தது. குழந்தை எப்படிப் பேசக் கற்றுக்கொள்கிறது? அது புரிந்தால்தானே இயந்திரத்துக்குப் பேச்சு சொல்லிக்கொடுக்க முடியும்? இதற்காக அவரும் உடன் ஆராய்ந்தவரும் எடுத்துக்கொண்டது ஒரு தமிழ்க் குழந்தையின் பேச்சை. வீட்டில் பெரியவர்களோடு குழந்தை பேசுவதைப் பல அமர்வுகளாக ஒலிப்பதிவு செய்து எழுத்தில் வடித்தார்கள். எந்த வயதில், யாரோடு, என்ன பேசியது என்ற பதிவு. குழந்தை மொழிக்கென்று உள்ள சில்ட்ஸ் என்ற பன்னாட்டுத் தரவுத் தொகுப்பில் அந்தத் தமிழ் மழலை இன்றும் இருக்கிறது. இன்று உலகமே பேசும் இயந்திரங்களைப் பற்றி ஓயாமல் பேசுகிறது. அவர் நாற்பது வருடத்துக்கு முன்னாலேயே தமிழ்க் குழந்தையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

2007 செப்டம்பரில், 81 வயதில் அவர் மறைந்தார். இந்தியக் கணிப்பொறி ஆராய்ச்சியின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் வகுப்பில் அறுபது பேரிடம் கேட்டேன். பில் கேட்ஸ் தெரியும், ஸ்டீவ் ஜாப்ஸ் தெரியும். நரசிம்மன் என்றால், எந்த நரசிம்மன், மெஸ் நரசிம்மனா என்று கேட்டார்கள்!

தாராசுரத்துப் பாடம்

கட்டுரையை முடித்துவிட்டு ஒரு சாயங்காலம் ஐராவதீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். தினம் பஸ்ஸில் தாண்டிப் போகிற கோயில்தான். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, எண்ணூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. 2004ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அங்கே நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னச் சிற்பமாகச் செதுக்கியிருக்கிறார்களே, அவற்றில் யார் என்று பெயரும் பொறித்திருக்கிறார்கள். இத்தனை நாள் கவனிக்கவே இல்லை. பெயர் இருப்பதால்தான் இன்றைக்கும் அடையாளம் தெரிகிறது. ஆனால் அந்தச் சிற்பத்தைச் செதுக்கிய கை யாருடையது? அந்தப் பெயர் அங்கே இல்லை.

என் அப்பா தறி நெய்கிறவர். பட்டு கொடுக்கும்போது எடை போட்டு நோட்டில் எழுதுவார்கள். சேலையைத் திருப்பும்போது மறுபடி எடை. நோட்டில் அப்பா பெயர் இருக்கும். ஆனால் பாவு புணைத்தது அம்மா, தார் சுற்றியது பாட்டி. அவர்கள் பெயர் எந்த நோட்டிலும் ஏறியதில்லை. பதிவேடு பெயரைத்தான் சொல்லும், கையைச் சொல்லாது. அன்று லேபில் நான் வாங்கிய திட்டின் முழு அர்த்தமும் இதுதான். என் பெயரில் இன்னொரு கை வேலை செய்தது. இயந்திரம் பொய் சொல்லவில்லை, நான்தான் என் பெயரை நாற்காலியில் விட்டுவிட்டுப் போனேன்.

பதிவேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அது இல்லாவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. ஆனால் இயந்திரத்தின் பதிவேடு ஒன்றை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லாமல், இன்னொரு பதிவேட்டையும் எடுத்துப் பார்த்த எங்கள் லேப் சார் மாதிரி மனிதர்களும் வேண்டும். நாளைக்கு நம்மில் யாராவது சிஸ்டம் அட்மினாக உட்காரும்போது இதை மறக்கக் கூடாது. கணக்கை வைக்கத் தெரிந்தவன் தொழிலாளி, கணக்குக்குப் பின்னால் இருக்கும் ஆளையும் பார்க்கத் தெரிந்தவன்தான் எஞ்சினியர் என்பது என் எண்ணம்.

கிண்டியில் படித்து, பத்து கிலோபைட் நினைவகத்தில் தொடங்கி, தமிழ் மழலை வரை வந்த ஒரு மனிதர் வைத்த அடித்தளத்தின் மேல்தான் நாம் தினமும் லாகின் செய்கிறோம். அடுத்த முறை பாஸ்வேர்டு தட்டும்போது ஒரு விநாடி அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எழுந்து போகும்போது தயவுசெய்து லாக்-அவுட் செய்துவிட்டுப் போங்கள் நண்பர்களே. நான் பட்ட அனுபவம் போதும்!